தாண்டாத நாய்களும் நானும்

போன வாரம் முழுக்க லேப் பக்கமே போகலை மக்கா. மூணாவது தடவையா கட்டுரை திரும்பி வந்தாச்சு. என்னத்தைத் திருத்தினாலும் இதுதானே கதின்னு போர்வைக்குள்ளேயே கிடந்தேன். அப்பதான் பாடத்தில் படித்த அந்த நாய்கள் ஞாபகம் வந்தது.

1967, பென்சில்வேனியா பல்கலைக்கழகம். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்று இரண்டு பேர். நாய்களை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவுக்கு மின் அதிர்ச்சி. பக்கத்துப் பலகையைத் தலையால் அழுத்தினால் நின்றுவிடும். இரண்டாவதுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அழுத்தி ஒரு பிரயோசனமும் இல்லை. மூன்றாவதுக்கு ஒன்றுமே கிடையாது.

பிறகு எல்லா நாய்களையும் வேறொரு பெட்டியில் விட்டார்கள். நடுவில் ஒரு தடுப்பு; தாண்டிக் குதித்தால் தப்பிக்கலாம். மற்ற நாய்கள் குதிக்கக் கற்றுக்கொண்டன. இரண்டாம் பிரிவில் முக்கால்வாசி அப்படியே படுத்து வலியை வாங்கிக்கொண்டன. (படிக்கும்போதே வயிற்றைப் பிசையுது.)

செயலும் அதற்குக் கிடைக்கும் பரிசும் தண்டனையும்தான் கற்றல் என்று ஸ்கின்னர் கோஷ்டி சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இந்த நாய்களோ "நான் என்ன செய்தாலும் ஒண்ணும் மாறாது" என்பதையே கற்றுவிட்டன என்றார்கள் இவர்கள். 'கற்ற கையறுநிலை' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

கதை அங்கே முடியலை. கிட்டத்தட்ட 50 வருஷம் கழித்து, 2016ல், அதே இருவரும் "நாங்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டோம்" என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் துவண்டு கிடப்பது மூளையின் இயல்பான எதிர்வினையாம். அதை யாரும் கற்க வேண்டியதில்லை. "என்னால் இதை மாற்ற முடியும்" என்பதைத்தான் கற்க வேண்டும். அதைக் கண்டுகொள்ளும் மூளையின் முன்பகுதிதான் அந்தத் துவளலை அடக்குகிறது. சொந்தக் கொள்கையையே திருப்பிப் போட எவ்வளவு தைரியம் வேணும்!

சரி, அந்த நாய்கள் என்ன ஆச்சு? தடுப்பை எடுத்துவிட்டு, சாப்பாடு காட்டிக் கூப்பிட்டும் பெரும்பாலும் பலிக்கவில்லை. கடைசியில் கயிறு கட்டி அந்தப் பக்கம் இழுத்தார்கள். முதலில் பலமாக, பிறகு லேசாக. ஒரு கட்டத்தில் அவையே தாண்டின.

நேத்து என் ரூம்மேட் போர்வையை உருவி, சட்டையைப் பிடிச்சு லேப் வரைக்கும் இழுத்துட்டுப் போனான். இன்னிக்கு நானே போனேன். கட்டுரை என்னாகும்னு தெரியலை. நாளைக்கும் போவேன்.