ஸ்விண்டன் பணிமனை

இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் 1843 முதல் 1986 வரை இயங்கிய ரயில் எஞ்சின் தொழிற்சாலை ஸ்விண்டன் பணிமனை. நிறுவியது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. எங்கே வேலை என்று கேட்டால் அங்கிருந்த தொழிலாளி கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டார். "உள்ளே" என்பார். ஊருக்கு அந்த ஒரு சொல் போதும்.

லண்டன்–பிரிஸ்டல் பாதையில் இந்த இடத்தை 1840இல் ரயில்வேயின் பொறியாளர் புரூனெலுக்குக் கடிதம் எழுதிப் பரிந்துரைத்தவர் எஞ்சின் பிரிவுப் பொறுப்பாளர் டேனியல் கூச். செல்டன்ஹாம் பாதை இங்கே பிரிந்தது. நிலக்கரி கொண்டுவரக் கால்வாய் பக்கத்திலேயே இருந்தது. புரூனெல் கையிலிருந்த சாண்ட்விச்சை வீசினார், அது விழுந்த இடத்தில் பணிமனை எழுந்தது என்பது ஊர்க்கதை. கடிதத்தைவிடக் கதைதான் ஊரில் நிலைத்துவிட்டது.

தொழிலாளர்களுக்குக் கம்பெனி கல்வீடுகள் கட்டித் தந்தது. பிரிஸ்டல், எக்ஸெட்டர், டாண்டன் என்று ரயில் நின்ற ஊர்களின் பெயர்களே அங்கே தெருப்பெயர்களாயின. 1847இல் சம்பளத்தில் சிறு தொகை பிடித்து மருத்துவ நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். 1948இல் பிறந்த தேசிய சுகாதார சேவைக்கு முன்னோடிகளில் ஒன்று அது என்று ஸ்விண்டன்வாசிகள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். அந்தப் பெருமை நியாயமானதே.

ஊரின் கடிகாரம் பணிமனைச் சங்குதான். விடியுமுன் அது ஊதும். வீடுகளில் விளக்கு எரியும். கதவருகே ஒவ்வொருவரும் தம் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்துவிட்டு நுழைவார்கள். தூக்கம் கெடுகிறது என்று 1870களில் பிரபு ஒருவர் சங்கை நிறுத்தச் சொன்னார். தொழிலாளர்கள் விடவில்லை. கோடை விடுமுறையில் சங்கு ஓய்ந்தது: இலவச ரயிலில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவார்கள், ஊரே காலியாகும். அந்த விடுமுறைக்கு நெடுங்காலம் சம்பளம் கிடையாது. ஆண்டு முழுக்கச் சேமித்துத்தான் போனார்கள்.

உச்சக்கட்டத்தில் 14,000க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் வில்லியம்ஸ். உலைக்களத்தில் சம்மட்டியோடு உழன்ற இவர், கிரேக்க எழுத்துகளைச் சுண்ணக்கட்டியால் எந்திரத்தில் எழுதிப் படித்தார். பின்னாளில் சமஸ்கிருதமும் கற்றுப் பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் தந்தார். 1915இல் வந்த அவரது ‘ரயில் தொழிற்சாலை வாழ்க்கை’ நூலில் அந்தப் புழுக்கமும் இரைச்சலும் அப்படியே இருக்கின்றன.

பிரிட்டிஷ் ரயில்வேக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சின் ‘ஈவ்னிங் ஸ்டார்’ 1960இல் இங்கிருந்துதான் புறப்பட்டது. அதன் பிறகு சில ஆண்டுகள் டீசல் எஞ்சின்கள் கட்டப்பட்டன. பின்னர் பெரும்பாலும் பழுதுபார்ப்பும் ஆட்குறைப்பும்தான். 1986 மார்ச் 26 அன்று சங்கு கடைசியாக ஊதியது.

கட்டடங்கள் பல பிழைத்துக்கொண்டன. ஒரு பகுதி ரயில் அருங்காட்சியகம். இன்னொரு பகுதி 1997 முதல் துணிக்கடைகளும் செருப்புக்கடைகளும் நிறைந்த வணிக வளாகம். தண்டவாளத்துக்கு அடியில் தொழிலாளர்கள் உள்ளே போய்வந்த சுரங்கப்பாதையில் இப்போது கடைக்குப் போகிறவர்கள் நடக்கிறார்கள். ஆனால் தொழிலாளர்கள் படித்த, நாடகம் பார்த்த, நடனமாடிய மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் 1986இல் பூட்டப்பட்டது. 1855இல் எழுந்த அந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள்.