ஐபுக் ஜி4 வடக்குத்துக்கு வந்த வழி

எங்கள் வீட்டு மேசைமேல் இருக்கும் வெள்ளை ஐபுக் ஜி4, 2005 ஜூலை இறுதியில் கடைக்கு வந்த மாடல். அதற்கு ஏழு வாரம் முன்பே அதன் சில்லுக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஜூன் 6ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையேறி, மேக் கணினிகள் பவர்பிசி சில்லை விட்டு இன்டெலுக்குப் போகின்றன என்று அறிவித்தார். அந்த அறிவிப்புக்குப் பிறகு வந்த இந்த மாடல்தான் ஐபுக் வரிசையில் கடைசி. 12 அங்குலத் திரை, 1.33 கிகாஹெர்ட்ஸ் வேகம், 512 மெகாபைட் ரேம், 40 கிகாபைட் ஹார்ட் டிஸ்க். 2006 மே மாதம் மேக்புக் வந்தது, ஐபுக் என்ற பெயரே வழக்கொழிந்தது.

இதை வாங்கியவர் சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் சொந்தக்காரர். அங்கே சில வருடம் ஓடியது. அவர் புது மேக் வாங்கியதும், பொங்கலுக்கு ஊர் வந்தபோது துணிமணிக்கும் மைலோ டின்னுக்கும் நடுவே பெட்டியில் வைத்து இதை வடக்குத்துக்குக் கொண்டுவந்தார். பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் நெடுஞ்சாலையில், நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி இருக்கிறது எங்கள் ஊர். உள்ளே நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் நடத்தும் என்எல்சியின் குவார்ட்டர்ஸ், வெளியே நாங்கள். பாட்டுக் கேட்க, போட்டோ பார்க்க என்று கொஞ்ச காலம் ஐபுக் பயன்பட்டது. பிறகு இணையப் பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திறக்க மறுத்தன. கணினியில் பழுது ஒன்றும் இல்லை. பவர்பிசிக்கு ஆப்பிள் கொடுத்த கடைசி இயங்குதளம் 2007இல் வந்த லெப்பர்ட். 2009 ஆகஸ்டில் வந்த ஸ்னோ லெப்பர்ட் இன்டெலுக்கு மட்டும்தான். இன்றைய இணையதளங்கள் கேட்கும் மறையாக்க முறை லெப்பர்டுக்குத் தெரியாது, அதனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. ஐபுக் பரணுக்குப் போனது.

அதைப் பரணிலிருந்து இறக்க வைத்தது என் அக்கா மகன் கேட்ட கேள்வி. அவன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது அது. "மாமா, இதுல லினக்ஸ் ஓடுதே, அந்த வெள்ளை லேப்டாப்புல மட்டும் ஏன் ஓடாது?" என்றான்.

ஓடும். ஆனால் அவன் மடிக்கணினிக்கான அதே லினக்ஸ் டிவிடியில் ஓடாது. லினக்ஸ் போட முனையும் பலரும் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். சாதாரணமாக நமக்குக் கிடைக்கும் லினக்ஸ் கோப்புகளின் பெயரில் ஐ386 என்றோ ஏஎம்டி64 என்றோ இருக்கும். அவை இன்டெல், ஏஎம்டி சில்லுகளுக்கானவை. பவர்பிசி வேறு கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் சில்லு. ஜி3, ஜி4 சில்லுள்ள மேக் கணினிகளுக்கு பவர்பிசி என்று பெயரிட்ட 32 பிட் பதிப்பு வேண்டும், ஜி5க்கு பிபிசி64. பிபிசி64இஎல் என்று இன்னொன்று இருக்கிறது. அது ஐபிஎம்மின் புதிய சர்வர்களுக்கானது, எந்த மேக்கிலும் ஓடாது. பெயரில் இரண்டு எழுத்துதான் கூடுதல், ஒரு நாள் வேலை வீண்.

லினக்ஸும் பவர்பிசியும் ஒரே வருடத்துப் பிள்ளைகள். 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதிவரும் இயங்குதளத்தைப் பற்றி முதன்முதலாக வெளியே சொன்னார். அக்டோபரில் ஆப்பிள், ஐபிஎம், மோட்டோரோலா மூன்றும் சேர்ந்து பவர்பிசிக்கு ஒப்பந்தம் போட்டன. இன்டெல் 386ஐ விட்டு வேறு கணினிக்குத் தன் படைப்பு போகும் என்று லினஸே அப்போது நினைக்கவில்லை. 1996இல் ஆப்பிளே எம்கேலினக்ஸ் என்ற ஒன்றை வெளியிட்டது. ஆனால் நிலைத்தது ஆஸ்திரேலியாவின் பால் மெக்கராஸ் செய்த வேலை. லினக்ஸ் நேரடியாகவே மேக்கில் ஓடுவதற்கு வழி செய்தவர் அவர். பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து மேக் மாடல்களின் விசிறிக் கட்டுப்பாடு, மூடியை மூடினால் உறங்கும் வசதி போன்றவற்றை எழுதினார். 1999இல் பவர்பிசிக்கென்றே யெல்லோ டாக் லினக்ஸ் வந்தது, 2000இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு தன் 2.2 பதிப்பில் பவர்பிசியை முறைப்படி சேர்த்துக்கொண்டது. இந்த ஐபுக் கடைக்கு வந்த 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸே தன் அன்றாட வேலைக்கு வைத்திருந்தது இரட்டைச் சில்லு ஜி5 மேக், அதில் லினக்ஸ். ஆப்பிள் கைவிடுவதற்கு முன்பே இந்தச் சில்லுக்கு இன்னொரு வீடு கட்டி முடிக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டின் வரைபடம் எல்லோரும் படிக்கும்படி திறந்தும் இருந்தது.

நிறுவும் வேலைக்கு வருவோம். பவர்பிசிக்கான டிவிடியைப் போட்டு, சி விசையை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனைத் தொட்டால் டிவிடியிலிருந்து துவங்கும். இந்த ஐபுக்கின் டிவிடி டிரைவுக்குத் தட்டு கிடையாது, பக்கவாட்டில் ஒரு கீற்று மட்டும்தான். நிலக்கரித் தூசி பறக்கும் ஊரில் அந்தக் கீற்றுக்குள் எதுவும் போகும். டிரைவ் படிக்கவில்லை என்றால் யுஎஸ்பி பென் டிரைவ் மூலம் துவக்கலாம். அதற்கு ஓப்பன் ஃபர்ம்வேருக்குள் போக வேண்டும்.

கமாண்டு, ஆப்ஷன், ஓ, எஃப் நான்கு விசைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கணினியைத் தட்டினால் வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்துகள் வரும். கடைசி வரியில் ஒரு பூஜ்யமும் ஒரு அம்புக்குறியும் நிற்கும். அதுதான் ஓப்பன் ஃபர்ம்வேர். ஹார்ட் டிஸ்க்கே இல்லாவிட்டாலும் வேலை செய்யும். அது பேசுவது ஃபோர்த் என்ற நிரல்மொழி. ஒன்று, இரண்டு, கூட்டல் குறி, ஒரு புள்ளி என்று இடைவெளி விட்டுத் தட்டி என்டர் அடித்தால் மூன்று என்று விடை சொல்லும். அக்கா மகன் இதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் அங்கேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். இயங்குதளம் எதுவும் ஏறாத கணினி கணக்குச் சொல்வதை அவன் முன்பு பார்த்ததில்லை.

இனி, பவர்பிசி மேக்கில் லினக்ஸ் போட்டவர்கள் அத்தனை பேரும் அறிந்த இடம். நிறுவல் ஒரு பிழையும் காட்டாமல் முடியும். மறுபடி துவக்கினால் திரை நடுவில் ஒரு கோப்புறைப் படம், அதன்மேல் கேள்விக்குறி, மின்னி மின்னி மறையும். டிஸ்க் போய்விட்டது என்று பலர் இங்கேயே விட்டுவிடுகிறார்கள். டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. ஓப்பன் ஃபர்ம்வேர் டிஸ்க்கில் தேடுவது ஆப்பிளின் பகிர்வு அட்டவணையையும் எச்எஃப்எஸ் பகிர்வையும். லினக்ஸின் எக்ஸ்ட்4 பகிர்வை அதற்குப் படிக்கத் தெரியாது. எனவே டிஸ்க்கின் முன்பகுதியில் சிறிதாக ஓர் எச்எஃப்எஸ் பகிர்வு இருக்க வேண்டும். துவக்கி நிரல் அதற்குள் உட்கார வேண்டும். முன்பு அந்த வேலையை யாபூட் செய்தது, இப்போது கிரப் செய்கிறது. சாதாரண பிசியில் 'எல்லாவற்றையும் அழித்து ஒரே பகிர்வு' போட்டுப் பழகிய கை, இந்தச் சின்னப் பகிர்வையும் சேர்த்து அழித்துவிடும். கேள்விக்குறி வந்தால் நிறுவல் டிவிடியின் மீட்புப் பகுதிக்குள் போய் அந்தப் பகிர்வை உருவாக்கி, துவக்கியை மட்டும் மறுபடி எழுதினால் போதும். பகிர்வு பிரிக்கும் திரையில் நிறுவி தானாகப் பிரித்துத் தருவதை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்து திரை. லினக்ஸின் கரு (கெர்னல்) ஏறும்போது படம் உறைந்து நிற்கும், அல்லது கோடு கோடாக உடையும். இந்த ஐபுக்கில் இருப்பது ஏடிஐ ரேடியான் 9550. ஏஜிபி என்ற இணைப்பு வழியில் அது தகராறு செய்வது பழைய கதை. துவக்க வரியில் ரேடியான் ஏஜிபி மோடு என்ற அளவுருவுக்கு மைனஸ் ஒன்று என்று கொடுத்தால் ஏஜிபியை விட்டு பிசிஐ வழியில் போய்விடும். வேகம் சற்றுக் குறையும், உறையாது. வைஃபைக்கு பி43 என்ற டிரைவர். வைஃபை சில்லைச் செய்த பிராட்காம் விவரம் எதுவும் தராததால், அந்த நிறுவனத்தின் டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து எழுதப்பட்ட டிரைவர் அது. அதற்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு நிறுவல் டிவிடியில் இருக்காது. முதலில் லேன் கேபிளைச் செருகி, அதன் வழியே ஃபர்ம்வேரை இறக்கிய பிறகுதான் வைஃபை உயிர் பெறும்.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை. ஐபுக்கின் பேட்டரி என்றோ செத்துவிட்டது, சார்ஜரில்தான் ஓடுகிறது. மின்சாரம் உற்பத்தியாகும் ஊருக்குப் பக்கத்தில் இருந்தாலும் எங்களுக்கும் கரண்டு போகும். போனால் கடிகாரமும் சேர்ந்து போய்விடும். மேக்கின் கடிகாரம் 1904 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து வினாடிகளை எண்ணுவது. எண்ணிக்கை அழிந்தால் தேதி எங்கோ போய் நிற்கும். அப்போது வரும் பிழைகள் தேதியைப் பற்றிப் பேசாது. டிஸ்க் சோதனை குறை சொல்லும், மென்பொருள் களஞ்சியத்தின் கையொப்பம் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வரும், உலாவி சான்றிதழ் தவறு என்று சொல்லும். வலையமைப்பையும் டிஸ்க்கையும் சந்தேகிக்கும் முன் தேதியைப் பாருங்கள். பழைய மேக்கில் பாதிப் பிழை அங்கேயே தீரும்.

தீராத ஒன்றும் உண்டு. 26-07-2005 என்று நாம் தேதி எழுதுவோம், 2005-07-26 என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே நாள்தான், முதலில் வருவது எது என்பதில்தான் வித்தியாசம். இன்டெல் சில்லு ஓர் எண்ணை நினைவகத்தில் வைக்கும்போது சிறிய பகுதியை முதலில் வைக்கும், ஜி4 பெரிய பகுதியை முதலில் வைக்கும். இன்று மென்பொருள் எழுதுபவர்களில் பெரும்பாலோர் இன்டெல் வரிசையை மட்டுமே மனதில் வைத்து எழுதுகிறார்கள். அதனால்தான் சில நிரல்களில் சிவப்பும் நீலமும் இடம் மாறி, வீடியோவில் மனித முகங்கள் நீலமாகத் தெரிகின்றன. ஆனால் கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைக்கு இது வரப்பிரசாதம். ஒரே சி நிரலை அரசு மடிக்கணினியிலும் இதிலும் ஓட்டி, ஒன்று என்ற எண்ணின் நான்கு பைட்டுகளையும் அச்சிட்டுப் பார்த்தால், அங்கே ஒன்று முதலில் நிற்கும், இங்கே கடைசியில் நிற்கும். பாடப்புத்தகத்தில் அரைப்பக்கத்தில் கடந்துபோகும் பாடம் கண்ணெதிரே வந்துவிடுகிறது.

இந்தச் சில்லுக் குடும்பம் மேக்கோடு முடிந்துவிடவும் இல்லை. ஆப்பிள் ஜி3 என்று பெயரிட்டு விற்ற பவர்பிசி 750இன் கதிர்வீச்சு தாங்கும் வடிவம்தான் 2012இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியின் மூளை, 2021இல் இறங்கிய பெர்செவரன்ஸுக்கும் அதுவே. ஐபிஎம்மின் பெரிய சர்வர்கள் இதே வம்சம். லினக்ஸ் கருவின் பவர்பிசி பகுதியைப் பராமரிப்பவர்களில் இன்று ஐபிஎம்மின் மாதவன் சீனிவாசன் இருக்கிறார்.

ஆனால் பழைய மேக்குகளுக்கான இடம் சுருங்கிவிட்டது உண்மை. உபுண்டு நிறுத்திவிட்டது. 2015இல் வந்த டெபியன் 8தான் 32 பிட் பவர்பிசிக்கு முறையான கடைசிப் பதிப்பு. 2017இல் வந்த டெபியன் 9இல் அது இல்லை. இப்போது டெபியன் போர்ட்ஸ் என்ற தனிப் பிரிவில், ஜான் பால் ஏட்ரியன் கிளாபிட்ஸ் போன்ற ஒரு சிலர் தொடர்ந்து தொகுத்துவருகிறார்கள். இதில் எனக்கு மறக்க முடியாத ஒன்று, 2007இல் வந்த டெபியன் 4இன் நிறுவி தமிழிலும் பேசியது. அதன் வரைகலை வடிவம், சோதனை முயற்சியாகவே என்றாலும், ஏடிஐ அட்டை உள்ள பவர்பிசி கணினிகளுக்கும் தரப்பட்டது. ஆப்பிள் கைவிட்ட கணினியில், 'மொழியைத் தேர்ந்தெடு' என்ற இடத்தில் தமிழ் இருக்க வேண்டும் என்று சம்பளம் வாங்காமல் மொழிபெயர்த்தவர்கள் நம்மவர்கள்.

இப்போது இந்த ஐபுக் தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு செய்ய, சி நிரல் எழுதிப் பழக, பழைய ஆவணங்களைச் சேர்த்துவைக்கப் பயன்படுகிறது. சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த பழைய ஒரு கிகாபைட் ரேமைச் செருகியதில் மொத்தம் 1.5 கிகாபைட். அதற்கு மேல் இது ஏற்காது. வீடியோவுக்கும் வங்கி வேலைக்கும் இது ஆகாது, அதற்குக் கையில் இருக்கும் போனே மேல். காசு கொடுத்து ஒன்று வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆனால் எடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியாது. நெய்வேலியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோவியத் உதவியோடு கட்டி 1962இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், ஆயுள் நீட்டிப்பு வேலைகள் செய்யப்பட்டு 2020 வரை மின்சாரம் கொடுத்தது. கட்டிக்கொடுத்த நாடே 1991இல் இல்லாமல் போன பிறகும் அது ஓடியது. அதை ஓட்டும் அறிவு நம் ஊர் ஃபிட்டர்களின் கைக்கு வந்துவிட்டிருந்தது. ஐபுக்குக்கு அந்த வேலையை லினக்ஸ் செய்கிறது.

உங்கள் வீட்டிலும் பழைய ஐமேக்கோ ஐபுக்கோ பவர்புக்கோ கிடக்கலாம். காயலான் கடைக்காரரிடம் கொடுக்கும் முன் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், இந்த ஐபுக்கைப் போல் பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும் மாடல்கள் உண்டு. டிஸ்க்கில் பழைய போட்டோக்கள் இருந்தால் படி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சரியான டிவிடியைப் போட்டு சி விசையை அழுத்துங்கள். வந்த சிக்கலையும் தீர்ந்த விதத்தையும் தமிழில் எழுதி வையுங்கள், அடுத்து வருபவருக்கு உதவும்.