தலையில தடவுறதுதானே டாக்டர்?

"தலையில தடவுறதுதானே டாக்டர், உள்ளயா போகப் போகுது?"

போன மாசம் ஒரு தம்பி சின்ன பாட்டிலை மேசையில வச்சுட்டுக் கேட்டார். வயசு 27. லேபிள்ல ஆர்யு-58841னு ஒரு எண். கீழே பொடி எழுத்துல "ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல". ஆன்லைன்ல வாங்கி ஆறு மாசமா தினமும் தடவுறாராம்.

அந்த எண்ணுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு மக்களே.

1942. ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர், பருவ வயசுக்கு முன்னாடியே விதைப்பை செயல்பாட்டை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுறதில்லைன்னு பதிவு செஞ்சார். அவங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தப்போ, குடும்பத்துல வழுக்கை இருந்தவங்களுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சது. ஊசியை நிறுத்தினா கொட்டுறது நின்னுச்சு, போன முடி திரும்பலை. அப்பா வழியா அம்மா வழியான்னு நாம சண்டை போட்டுட்டு இருக்கோம். பரம்பரையோட ஹார்மோனும் சேரணும்னு அவர் அன்னைக்கே காட்டிட்டார்.

சரி, ஹார்மோனைத் தடுத்துட்டா? உடம்பு முழுக்கத் தடுத்தா ஆண்மைக் குறைவு, மார்பு வீக்கம்னு பின்விளைவுகள் வரலாம். அதனால தலைத்தோல்ல மட்டும் தடுக்கலாமேன்னு யோசிச்சாங்க. பிரான்ஸின் ரூசெல் உக்லாஃப் நிறுவனம் உருவாக்கினதுதான் இந்த 58841. நம்மள மாதிரியே வழுக்கை விழுற ஒருவகைக் குரங்குக்குத் தடவினாங்க, முடி வளர்ந்துச்சு. ஆனா இன்னைக்கு வரைக்கும் எந்த நாட்டுலயும் இது மருந்தா அனுமதி வாங்கலை. ஆய்விதழ்ல இருந்த பெயர் மட்டும் ரசாயன வியாபாரிகள் கைக்குப் போயிருச்சு. பாட்டிலுக்குள்ள நிஜமா என்ன இருக்குன்னு யாரும் சோதிச்சதில்லை.

தம்பி கேள்விக்கு வருவோம். ஹைட்ரோகார்ட்டிசோனை வச்சு 1967லயே அளந்துட்டாங்க: முன்கையை விட தலைத்தோல் சுமார் மூன்றரை மடங்கு உறிஞ்சும்.

2020ல அமெரிக்கா பருவுக்கு அனுமதிச்ச கிளாஸ்கோடெரோன் கிரீமையே பாருங்க. ரத்தத்துல கலந்தா சீக்கிரம் சிதையற மாதிரி செஞ்ச மருந்து அது. அதை அதிக அளவுல தடவிச் சோதிச்சப்போ சிலருக்கு அட்ரினல் சுரப்பி மந்தமாச்சு, நிறுத்தினதும் சரியாச்சு. முறையா சோதிச்சதால இது நமக்குத் தெரியும். 58841க்கு அப்படிச் சொல்ல ஆளே இல்லை.

கடைசியா தம்பிகிட்ட கேட்டேன், "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு சார். வீட்டுல நாலு மாசம்."

வயித்துல இருக்கிறது ஆண் குழந்தைன்னா, அதோட பிறப்புறுப்பு சரியா உருவாக ஆண் ஹார்மோன் வேலை செஞ்சாகணும். இவர் தலையணை உறையைத் துவைக்கிறது அந்தப் பொண்ணுதான்.

நீங்களும் தடவிட்டு இருந்தா, இன்னைக்கே நிறுத்துங்க. பாட்டிலைத் தூக்கிப் போடாம டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போங்க. வீட்டுல கர்ப்பிணி இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க.