தேசியக் குடியேறியோர் உதவி மையம் (போர்த்துகல்)

தேசியக் குடியேறியோர் உதவி மையம் என்பது போர்த்துகல் நாட்டில் குடியேறியோருக்கான பல அரசுத் துறைகளின் சேவைகளை ஒரே கூரையின்கீழ் வழங்கும் பொருட்டு 2004 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பாகும். முதல் மையங்கள் தலைநகர் லிஸ்பனிலும் வடக்கு நகரான போர்ட்டோவிலும் திறக்கப்பட்டன.

பின்னணி

போர்த்துகல் நெடுங்காலம் பிற நாடுகளுக்கு மக்களை அனுப்பிய நாடாகவே இருந்தது. 1974 புரட்சிக்குப் பின் அதன் முன்னாள் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்தும், பின்னர் பிரேசிலிலிருந்தும், 2000 ஐ ஒட்டிய ஆண்டுகளில் உக்ரைன் முதலிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். வதிவிட அனுமதி, சமூகப் பாதுகாப்பு, தொழிலாளர் நலம், கல்வி, மருத்துவம் ஆகியவை வெவ்வேறு அமைச்சுகளின் பொறுப்பில் இருந்தன. ஓர் அலுவலகம் கேட்கும் சான்றை மற்றோர் அலுவலகத்தில் பெற்று வரவேண்டிய நிலையில், நாட்டு மொழி அறியாத தொழிலாளி கூலியை இழந்து அலைய நேர்ந்தது.

செயற்பாடு

மையத்தில் இத்துறைகள் ஒவ்வொன்றும் தத்தம் முகப்பிடத்தை அமைத்தன. சட்ட உதவி, குடும்ப இணைப்பு, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பிரிவுகள் இருந்தன. வருபவரை முதலில் சந்தித்து உரிய முகப்பிடத்துக்கு அனுப்பியவர்கள் சமூகப் பண்பாட்டு இடையீட்டாளர்கள் ஆவர். இவர்களுட் பலர் தாமே குடியேறியவர்கள். உண்மையில் மையத்தின் அச்சாணி இவர்களே எனலாம். எனினும் இவர்கள் அரசு ஊழியராக அன்றி, குடியேறியோர் சங்கங்களின் வழியாகவே பணியமர்த்தப்பட்டனர். 2006 இல் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையும் தொடங்கப்பட்டது.

ஒருங்கிணைப்புக்கு ஓர் எல்லையும் இருந்தது. வதிவிட அனுமதி வழங்கிய வெளிநாட்டவர் மற்றும் எல்லைகள் சேவை, எல்லைக் காவலையும் விசாரணையையும் நடத்திய காவல் அமைப்பாகவும் இருந்தது. உதவி நாடியவர் அதே கட்டடத்தில் அதன் முகப்பிடத்தையும் அணுக வேண்டியிருந்தது.

2023 மாற்றம்

2020 மார்ச்சில் லிஸ்பன் விமான நிலையத்தில் அச்சேவையின் காவலில் உக்ரைன் நாட்டவர் ஒருவர் உயிரிழந்தார். 2021 இல் அதிகாரிகள் மூவர் தண்டிக்கப்பட்டனர். அந்த உயிரிழப்பை அடுத்து அச்சேவையைக் கலைக்க அரசு முடிவு செய்தது. 2023 அக்டோபர் 29 அன்று காவற் பணிகள் காவல்துறைகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அனுமதி வழங்கலும் உதவி மையங்களும் ஒருங்கிணைப்பு, குடியேற்றம், புகலிடம் ஆகியவற்றுக்கான புதிய முகமையின்கீழ் வந்தன.

முடிவெடுக்கப்படாத விண்ணப்பங்களும் புதிய முகமைக்கே வந்து சேர்ந்தன. 2024 இல் அரசு கூறிய கணக்கின்படி அவை சுமார் 4 இலட்சம். விண்ணப்பம் நிலுவையில் இருந்தவரை குடும்பத்தை அழைத்துக்கொள்வதும் தாய்நாடு சென்று திரும்புவதும் பலருக்கு இயலாதிருந்தது. இத்தேக்கத்தைக் குறைக்கத் தனிப் பணிக்குழு அமைக்கப்பட்டது. அதன் முதல் பெரிய சேவை மையம் 2024 செப்டம்பரில் லிஸ்பனிலுள்ள இந்து சமூகத்தின் கட்டடத்தில் செயற்படத் தொடங்கியது.