சம்பளம் பத்தலையா? எதை முதலில் கட்டணும், எதைத் தள்ளிப் போடலாம்?

மாதம் 1ஆம் தேதி சம்பளம் வருகிறது. வாடகை, இஎம்ஐ, பள்ளிக் கட்டணம் என 5ஆம் தேதிக்குள் பாதி காலி. 20ஆம் தேதி மளிகைக் கடையில் கடன் சொல்ல வேண்டிய நிலை. பல வீடுகளில் இதுதான் நிலவரம்.

வரவை உடனே கூட்ட முடியாது. ஆனால் கட்டும் வரிசையை மாற்றினால் இழப்பைக் குறைக்கலாம். பெரும்பாலும், யார் அதிகமாக போன் செய்து நெருக்குகிறார்களோ அவர்களுக்கே பணம் முதலில் போகிறது. அது தவறான வரிசை. 'இதைக் கட்டலைன்னா என்ன ஆகும்? அப்புறம் சரிபண்ண முடியுமா?' ஒவ்வொரு செலவுக்கும் இந்த இரண்டு கேள்விகளைக் கேட்டாலே வரிசை தெரிந்துவிடும்.

முதலில் எது?

அரிசி, பால், கேஸ், வாடகை, கரண்ட் பில். இவற்றோடு மருந்தும் சேரும். பிபி, சுகர் மாத்திரையை ஒரு மாதம் நிறுத்தி மிச்சம் பிடித்தால், ஆஸ்பத்திரி செலவு பல மடங்காகலாம். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்து எது?

சொத்தை வைத்து வாங்கிய கடன்கள். வீட்டுக் கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன் ஆகும். அதன்பின் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, வீட்டைக் கையகப்படுத்தும் நடவடிக்கையில் இறங்கலாம். அடகு வைத்த நகையும் அப்படித்தான். ஏலம் போன நகை திரும்பி வராது. கட்ட முடியாது என்று தெரிந்தால், தவணை தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்ப் பேசுவது நல்லது.

இன்சூரன்ஸுக்கு அவகாசம் உண்டு

எல்ஐசி பாலிசியில் மாதப் பிரீமியத்துக்கு 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் இருக்கிறது. அதற்குள் கட்டினால் பாலிசி காலாவதி ஆகாது.

கிரெடிட் கார்டில் கவனம்

'மினிமம் கட்டினா போதும்' என்பது ஆபத்து. நிலுவை ரூ.20,000, வட்டி மாதம் 3.5% என்று வைத்துக்கொள்வோம். வட்டி ரூ.700, அதன்மேல் 18% ஜிஎஸ்டி ரூ.126. மொத்தம் ரூ.826. மினிமமாக ரூ.1,000 கட்டினாலும் கடனில் குறைவது ரூ.174 மட்டுமே. பாக்கி முழுவதும் தீரும்வரை கார்டை எடுக்காமல் இருப்பதே வழி.

போன் தொல்லைக்கு என்ன செய்வது?

கடன் பாக்கி கேட்டு வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மிரட்டுவதும் கூடாது. போன் தொல்லைக்குப் பயந்து வாடகைப் பணத்தை எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

தேதி தெரிந்த செலவுகள்

ஜூன் பள்ளிக் கட்டணம், தீபாவளி, உறவினர் வீட்டு மொய். இவை திடீர்ச் செலவுகள் அல்ல. ஆண்டுக்கு ரூ.24,000 ஆகும் என்றால் மாதம் ரூ.2,000 தனியாக எடுத்து வைக்கலாம்.

தள்ளிப் போட முடிந்தவை எவை?

ஓடிடி சந்தா, புது போன், ஓட்டல் ஆர்டர், ஆஃபரில் வாங்கும் துணி. இரண்டு மாதம் நிறுத்தினாலும் வீட்டில் எதுவும் நின்றுபோகாது. வெட்ட வேண்டும் என்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மாத்திரையிலோ, பிள்ளைகளின் பாலிலோ இல்லை.