பதிவேட்டில் ஏறாத காயங்கள்: குப்பைச் சேகரிப்பும் விபத்து விதிகளும், 1923–2025

பாதாளச் சாக்கடையில் இறங்கி இறந்தவர்களுக்கு இந்தியாவில் ஒரு கணக்கு உண்டு. குறைகள் நிறைந்த கணக்குதான், ஆனாலும் உண்டு. 1993 முதல் அவ்வாறு இறந்தவர்களைக் கண்டறிந்து குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகை 30 லட்சமானது. தெருத்தெருவாகக் குப்பை அள்ளுவோரின் காயங்களுக்கு அப்படியொரு கணக்கு எழவில்லை. விதிகள் எழுதப்பட்ட முறையே இதற்குப் பெரிய காரணம் என்பது என் முடிவு.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது வேலையால் நேரும் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. ஆனால் பின்னாளில் திருத்திய பிறகும், மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால்தான் இழப்பீடு. இயந்திரத்தில் விரலை இழந்தவரை மனத்தில் வைத்து வரைந்த சட்டம் அது. குப்பைத் தொட்டியில் கிழிக்கும் உடைந்த கண்ணாடியும் பிளேடும் அந்த வரையறைக்குள் அடங்குவதில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் காலை மஸ்டருக்கு (வருகைப் பதிவுக்கு) வந்து நிற்பவருக்குச் சட்டப்படி காயமே இல்லை. வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஊசி குத்தி ஹெபடைடிஸ் பி தொற்றினால் நோய் தெரியவே வாரங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். எந்தத் தெருவின் எந்த ஊசி என்று அப்போது யார் நிரூபிப்பது?

1994-இல் சூரத்தில் பரவிய பிளேக் நகரக் குப்பையை நாட்டின் கவலையாக்கியது. 1996-இல் சமூக ஆர்வலர் அல்மித்ரா படேல் நகரக் குப்பை குறித்து உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக 2000-இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. கையால் கழிவைக் கையாளுவதை அவை தடைசெய்தன. தவிர்க்க இயலாத இடத்தில் தொழிலாளரின் பாதுகாப்பைப் பேணச் சொல்லின. அவற்றின் 9-ஆம் விதி இன்னும் முக்கியமானது. சேகரிப்பு, போக்குவரத்து, கிடங்கு என எங்கு விபத்து நேர்ந்தாலும் 6-ஆம் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. தெருவில் நடக்கும் விபத்தையும் எழுதிவைக்கச் சொன்ன விதி அது. அது முறையாக நடைமுறைக்கு வந்திருந்தால் இன்று நம் கையில் பல ஆண்டுத் தரவு இருந்திருக்கும்.

அதே 2000-இல் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பைப் பணியை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2007-இல் நீல் மெட்டல் ஃபனால்கா, பிறகு ராம்கி, 2020-இல் அர்பேசர் சுமீத் என்று ஒப்பந்தங்கள் கைமாறின. வேலை மாறவில்லை, வேலை கொடுப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் மூல நிறுவனமே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. ஆயினும் அடிபட்டவர் தம் மேஸ்திரியைத் தாண்டி மாநகராட்சி வரை போய் அந்தப் பிரிவை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் தம் பெயர் இருக்குமா என்று அஞ்சுபவர் அதைச் செய்வது அரிது.

2000 விதிகளுக்குப் பதிலாக வந்த 2016 திடக்கழிவு விதிகள் கையுறை, காலணி, முகக்கவசம், மழைக்கோட்டு, ஒளிரும் மேலாடை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கட்டாயமாக்கின. வீட்டில் பயன்படுத்திய ஊசியைத் தனியே பிரித்துத் தரச் சொல்லின. இவை நல்ல முன்னேற்றங்கள். ஆனால் விபத்து அறிக்கை பற்றிய 25-ஆம் விதி சுருங்கிவிட்டது. கழிவைப் பதப்படுத்தும் ஆலை, அகற்றும் நிலையம், நிலநிரப்புக் கிடங்கு ஆகியவற்றில் நேரும் விபத்துகளை மட்டுமே தெரிவித்தால் போதும் என்றாயிற்று. சேகரிப்பும் போக்குவரத்தும் விடுபட்டன. இந்த மாற்றம் பொதுவெளியில் போதிய அளவு விவாதிக்கப்படாதது எனக்கு வருத்தம் தருகிறது, ஏனெனில் இத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் அடிபடுவது தெருவில்தான்: வண்டி மோதி, தொட்டி தூக்கி, குப்பையை அழுத்தும் கம்பாக்டரில் கை சிக்கி.

2025 ஆகஸ்டில், சென்னையின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பைப் பணியைத் தனியாருக்கு விடுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தார்கள். அம்மாதமே கண்ணகி நகரில் விடியற்காலை வேலைக்குச் சென்ற பெண் தூய்மைப் பணியாளர் ஒருவர், மழைநீரில் கசிந்த மின்சாரம் தாக்கி இறந்தார். செய்தி பரவியது, இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. ஆனால் அது நடந்தது தெருவில் என்பதால், 25-ஆம் விதியின்படி யாரும் 6-ஆம் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கவில்லை.