அறிவு (ராப் கலைஞர்)

அறிவு என்னும் அறிவரசு கலைநேசன், அரக்கோணத்தைச் சேர்ந்த தமிழ் ராப் கலைஞர், பாடலாசிரியர். அம்பேத்கரியச் சிந்தனையில் ஊறிய இவர், இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியில் இசையமைப்பாளர் டென்மா உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில், கானாவும் ராப்பும் கலந்த மேடைகளில் பாடினார். 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவுடன் சேர்ந்து, திரைப்படத்தைச் சாராமல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ இவரது ஆகச் சிறந்த படைப்பு. சாதியையும் அரச வன்முறையையும் பேச்சுமொழியின் வேகத்திலேயே எதிர்கொண்ட தொகுப்பு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பிய இவரது பாட்டி வள்ளியம்மாளின் நினைவுகளே 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலுக்கு ஊற்று. அவ்வாண்டு ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அப்பாடலை இவருடன் பாடிய பாடகி தீ இடம்பெற்று, பாடலை எழுதிய அறிவு விடுபட்டார். அது அநீதி. இரஞ்சித் கண்டித்த பிறகே அறிவுக்குத் தனி அட்டை வந்தது. 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பை வெளியிட்டார்.